லென் பயஸ் ஆடாத ஆட்டங்கள்

கேள்வி: பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்குத் தேர்வான இரண்டாம் நாளே இறந்துபோன லென் பயஸ் உயிரோடு இருந்திருந்தால், அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.பி.ஏ. கூடைப்பந்தின் வரலாறே மாறியிருக்கும் என்கிறார்கள். தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாத ஒருவரைப் பற்றி இப்படிச் சொல்வது மிகையல்லவா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: மிகைதான், ஆனால் ஆதாரமே இல்லாத மிகை என்று தள்ளிவிட முடியாது. 1986 ஜூன் 8 அன்று ஹூஸ்டன் ராக்கெட்ஸை வீழ்த்திக் கோப்பையை வென்றிருந்த செல்டிக்ஸ், ஒன்பதே நாள் கழித்து நியூயார்க்கில் நடந்த டிராஃப்டில் இரண்டாவது ஆளாக பயஸைத் தேர்ந்தெடுத்தது. டிராஃப்ட் என்பது புதிய வீரர்களை அணிகள் வரிசையாக ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் முறை. ஐ.பி.எல். ஏலம் போன்றதன்று, பின்தங்கிய அணிகளுக்கே அதில் முன்னுரிமை. அப்படியிருக்க, 82 ஆட்டங்களில் 67-ஐ வென்ற சாம்பியனுக்கு இரண்டாம் இடம் எப்படி வாய்த்தது என்றால், அணியின் தலைவர் ரெட் அவர்பாக் 1984-இல் ஜெரால்ட் ஹெண்டர்சன் என்ற ஆட்டக்காரரை சியாட்டில் அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு அந்த அணியின் 1986 டிராஃப்ட் உரிமையை வாங்கி வைத்திருந்தார். ஹெண்டர்சனைக் கொடுத்தபோது முணுமுணுத்தவர்கள்கூட, செல்டிக்ஸின் பச்சைத் தொப்பியோடு பயஸ் புகைப்படத்துக்கு நின்ற அந்த மாலையில் வாயடைத்துப் போயிருப்பார்கள்.

ஜூன் 18 அன்று பாஸ்டனுக்குப் போய்வந்த பயஸ், அன்றிரவே மேரிலாண்ட் பல்கலைக்கழக விடுதிக்குத் திரும்பினார். மறுநாள் காலை நண்பர்களோடு இருந்தபோது சுருண்டு விழுந்தார். ஒன்பது மணிக்குச் சற்று முன்பு மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. கோகெய்ன் இதயத் துடிப்பைக் குலைத்துவிட்டது என்பது பிரேதப் பரிசோதனையின் முடிவு. வயது 22.

இனி மாற்றத்துக்கு வருவோம். அவர் எத்தனை புள்ளி எடுத்திருப்பார் என்று கணக்குப் போடுவதில் எனக்கு நாட்டமில்லை. நான் பார்ப்பது நிமிடக் கணக்கை. 48 நிமிட ஆட்டத்தில் செல்டிக்ஸின் நட்சத்திரங்களான லாரி பேர்டும் கெவின் மெக்கேலும் 1986-87 பருவத்தில் சராசரியாக ஏறத்தாழ 40 நிமிடம் களத்தில் நின்றார்கள். முந்தைய ஆண்டு மாற்று வீரராக 80 ஆட்டங்களில் இறங்கிக் கைகொடுத்த பில் வால்டன், காயத்தால் அந்தப் பருவத்தில் பத்தே ஆட்டங்களில்தான் ஆடினார். பயஸ் ஆடும் ஃபார்வர்ட் (முன்கள வீரர்) இடம், பேர்டும் மெக்கேலும் ஆடிய அதே இடம். ஆகவே அவர் இருந்திருந்தால் இருவருக்கும் ஆட்டத்துக்கு எட்டுப் பத்து நிமிடம் ஓய்வு கிடைத்திருக்கும். மாறாக, மெக்கேல் 1987 இறுதிப் போட்டிகளை எலும்பு முறிந்த பாதத்தோடு ஆடினார். அந்தத் தொடரின் நான்காவது ஆட்டத்தில், பாஸ்டன் மண்ணிலேயே, கடைசி இரண்டு விநாடிகள் எஞ்சியிருக்கையில், எதிரணியான லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸின் மேஜிக் ஜான்சன், மெக்கேல், அவருடைய சக வீரர் பாரிஷ் இருவரின் கைகளுக்கும் மேலாகப் பந்தை வீசிக் கூடையில் போட, லேக்கர்ஸ் 107-106 என்று வென்றது. தொடரையும் 4-2 எனக் கைப்பற்றியது. ஒற்றைப் புள்ளியில் போன ஆட்டம் அது என்பதால், ‘பயஸ் இருந்திருந்தால்’ என்ற பேச்சு பாஸ்டன்காரர்களிடம் இன்னும் ஓயவில்லை.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். செல்டிக்ஸுக்கு ஒன்றுமில்லாமல் போன அதே டிராஃப்டில், டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் ஜான் சாலியையும், 27-ஆவது ஆளாக டென்னிஸ் ராட்மனையும் பெற்றது. 1988-இல் செல்டிக்ஸைக் கிழக்குப் பிரிவு இறுதியில் வீழ்த்திவிட்டு, 1989, 1990 ஆண்டுகளின் கோப்பைகளைத் தூக்கிய அணி அதுதான். தளர்ந்துவந்த பேர்டைக் காவல் காத்த ராட்மனுக்கு, எகிறிக் குதிக்கும் 24 வயது பயஸையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டியிருந்தால் அந்தக் கதை வேறாகியிருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: மைக்கேல் ஜோர்டானுக்கு நிகராக வந்திருப்பாரா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பயஸோடு பலமுறை மோதிய ட்யூக் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் மைக் ஷிஷெவ்ஸ்கியே ஜோர்டானோடு சேர்த்துப் பேசிய பெயர் என்பதால், இதை வெறும் ரசிகர் பேச்சு என்று ஒதுக்க முடியாது. 1986 பிப்ரவரி 20 அன்று, தரவரிசையில் முதலிடத்திலிருந்த வட கரோலினா பல்கலைக்கழக அணியை அதன் சொந்த அரங்கிலேயே பயஸின் மேரிலாண்ட் 77-72 என்று வென்ற ஆட்டத்தைப் பாருங்கள். பயஸ் தூரத்திலிருந்து ஒரு பந்தைக் கூடையில் போடுகிறார். எல்லோரும் திரும்பி ஓடுவார்கள் என்று எதிரணி நினைத்திருக்க, அவர் ஓடவில்லை. எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே எறியப்பட்ட பந்தைப் பறித்து, கூடைக்கு முதுகைக் காட்டியபடியே எழும்பி உள்ளே அறைகிறார். அன்று அவர் எடுத்தது 35 புள்ளிகள்.

ஆனாலும் நிகர் என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. அதே டிராஃப்டில் மூன்றாவதாக வந்த கிறிஸ் வாஷ்பர்னும் ஏழாவதாக வந்த ராய் டார்ப்லியும் இப்படித்தான் புகழப்பட்டார்கள். இருவரையும் போதைப் பழக்கம் பிற்பாடு என்.பி.ஏ.வை விட்டே விரட்டியது. தவிர, 1986 ஏப்ரலில் ஜோர்டான் பாஸ்டனில் 63 புள்ளிகள் குவித்த ஆட்டத்திலும் வென்றது செல்டிக்ஸே. பயஸ் அந்த அணிக்கு ஒரு ஜோர்டானாக இருந்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

கேள்வி: இவருடைய மரணத்தால் அமெரிக்கச் சட்டமே மாறியது என்று படித்தேன். உண்மையா? (வாசகர், சென்னை)

பதில்: உண்மை. அந்த மரணம் நிச்சயமாக மாற்றிய வரலாறு இதுதான். பிரதிநிதிகள் சபைத் தலைவர் டிப் ஓ’நீல் பாஸ்டன் பகுதிக்காரர். ஜூலை விடுமுறைக்கு ஊருக்குப் போனவர், எங்கு திரும்பினாலும் பயஸ் பற்றிய ஆத்திரத்தையே கேட்டுத் திரும்பினார். நவம்பரில் தேர்தல் வேறு. போதிய விசாரணைகள்கூட இல்லாமல் அவசர அவசரமாக எழுதப்பட்ட போதைப்பொருள் எதிர்ப்புச் சட்டத்தில் அதிபர் ரீகன் அக்டோபர் 27 அன்று கையெழுத்திட்டார். 5 கிராம் ‘கிராக்’ (புகைக்கும் கட்டி வடிவக் கோகெய்ன்) வைத்திருந்து விற்றாலும், 500 கிராம் கோகெய்ன் பொடி விற்றாலும் குறைந்தபட்சத் தண்டனை ஒன்றே: ஐந்தாண்டுச் சிறை. கிராக் வழக்குகளில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பயஸைக் கொன்றதோ கிராக் அல்ல, பொடி. அந்த 100-க்கு 1 விகிதம் 18-க்கு 1 ஆகக் குறைய 2010 வரை ஆயிற்று.

கேள்வி: செல்டிக்ஸுக்கு மாற்று வீரர் எவரும் கொடுக்கப்பட்டாரா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இல்லை. அடுத்த ஆண்டு டிராஃப்டில் 22-ஆவதாக அவர்கள் எடுத்த ரெஜி லூயிஸ் அணித்தலைவராக உயர்ந்து, 1993 ஜூலையில் பயிற்சியின்போதே இதயம் நின்று, 27 வயதில் இறந்தார். செல்டிக்ஸ் மறுபடி கோப்பையைத் தொட்டது 2008-இல்.