பல்கேரியா வேண்டாம், அம்மம்மாவோடு போன அறையை நினைத்துப் பாருங்கள்

லண்டன் ஹாரோவில் இருக்கும் அந்த அம்மா தொலைபேசியில் முதலில் அழுதுவிட்டார். மருத்துவத்துக்கு மகள் போட்ட நான்கு விண்ணப்பங்களும் சரிவரவில்லை. ஐந்தாவதாகப் போட்ட பயோமெடிக்கல் சயன்ஸ் மட்டும் கிடைத்திருக்கிறது. "பல்கேரியாவுக்கு அனுப்பு, ஆறு வருசத்தில டொக்டரா வந்து நிப்பாள். வீட்டு மேல கடன் எடு" என்கிறாராம் பெரியப்பா.

ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தேன். கடன் என்றதும் நிறுத்திவிட்டேன். அனுப்பாதீர்கள், அக்கா.

பட்டம் வாங்கினால் பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் வேலை காத்திருக்கும் என்பது பெரியப்பா காலத்துக் கணக்கு. 2025 மார்ச்சில், இங்கிலாந்தின் என்.எச்.எஸ். நிர்வாகத் தலைமை அமைப்பையே கலைக்கப் போவதாகப் பிரதமர் ஸ்டார்மர் அறிவித்தார். ஜூலையில் என்.எச்.எஸ்.ஸுக்கான பத்தாண்டுத் திட்டம் வந்தது. 2035-இல் ஊழியர் எண்ணிக்கை, 2023-இல் கணித்ததைவிடக் குறைவாகவே இருக்கும் என்று அதில் எழுதியே இருக்கிறது. 2025-இல் சிறப்பு மருத்துவராவதற்கான பயிற்சியில் சுமார் 10,000 இடங்களுக்கு 30,000-க்கும் மேற்பட்ட டாக்டர்கள் போட்டியிட்டார்கள். இங்கே மருத்துவம் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்றது அதே திட்டம். 2026 தொடக்கத்தில் அதற்கான சட்ட வரைவும் நாடாளுமன்றத்துக்கு வந்தது. கவனியுங்கள், இங்கே படித்தவர்களுக்கு. இங்கே பிறந்தவர்களுக்கு என்று இல்லை. மகளின் பாஸ்போர்ட் பிரிட்டிஷாக இருந்தாலும், பட்டம் பல்கேரியத் தலைநகர் சோபியாவில் வாங்கியது என்றால் வரிசையில் அவள் பின்னால் நிற்க நேரலாம்.

அந்தப் படிப்புக்கு இங்கத்தைய மாணவர் கடனும் கிடையாது. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான யூரோ கட்டணம், ஆறு ஆண்டு, அதற்கு மேல் சாப்பாடு, வாடகை. முழுவதும் உங்கள் கையிலிருந்து. தம்பி ஒருவன் பின்னால் வருகிறான் என்றும் சொன்னீர்கள். அந்த வீட்டைத் தொடாதீர்கள்.

பயோமெட் முடித்துவிட்டு மறுபடி மருத்துவத்துக்கு முயல்வது எல்லோருக்கும் தெரிந்த வழி. அதை விடுவோம்.

அப்புறம் மகளிடம் தனியாகப் பேசினேன். ஏன் டாக்டர் என்று கேட்டால் பதில் வரவில்லை. அம்மம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்சிகிச்சை நடந்தபோது கூடப் போனதைப் பற்றி மட்டும் இருபது நிமிடம் பேசினாள். தோலில் பச்சைகுத்திய சின்னப் புள்ளிகளுக்கு நேராக அம்மம்மாவை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தியது, எல்லோரும் வெளியே போனதும் இயந்திரம் சுற்றியது, வெளியிலிருந்து கேமராவில் பார்த்துக்கொண்டே பேசியது. இதயத்தில் கதிர் படாமலிருக்க மூச்சை அடக்க வேண்டுமாம். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அங்கிருந்தவர்கள் இவளைக் கேட்டிருக்கிறார்கள். "மூச்சைப் பிடியுங்கோ" என்று ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தாளாம். மறுநாள் ஸ்பீக்கரில் அதைக் கேட்டு அம்மம்மா சிரித்திருக்கிறார்.

அந்த வேலையைச் செய்தவர்கள் டாக்டர்கள் இல்லை. தெரப்யூட்டிக் ரேடியோகிராபர்கள், அதாவது கதிர்சிகிச்சை கொடுப்பவர்கள். எக்ஸ்ரே எடுப்பது வேறு தொழில், வேறு பட்டம். இது முதல் நாளிலிருந்தே புற்றுநோய்க்கான மூன்றாண்டுப் பட்டம். படிப்பில் ஏறக்குறைய பாதி மருத்துவமனையில்தான் நடக்கும். சி.டி. ஸ்கேனில் திட்டமிடுவது, தலை-கழுத்து நோயாளிக்கு முகத்தோடு பொருந்தும் உறை செய்வது, கதிர் பாய்ச்சும் லினாக் இயந்திரத்தை இயக்குவது, தோல் எரிகிறதா சாப்பிட முடிகிறதா என்று விசாரிப்பது எல்லாம் இவர்கள் கையில். புற்றுநோய் மருத்துவரை நோயாளி எப்போதாவது பார்ப்பார். இவர்களைத் தினமும் பார்ப்பார். இயற்பியல் பிடித்த, பெரியவர்களோடு பொறுமையாக இருக்கத் தெரிந்த பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரியவில்லை. அனுபவம் வந்தபின் இன்னொரு வகைக் கதிர்சிகிச்சையான புரோட்டான் சிகிச்சைக்கும் போகலாம். மான்செஸ்டரிலும் லண்டனிலும் அதற்கு என்.எச்.எஸ். மையங்கள் இருக்கின்றன.

பணம்? கல்விக் கட்டணத்துக்கு வழக்கமான மாணவர் கடன் உண்டு. அதற்கு மேல் என்.எச்.எஸ். ஆண்டுக்கு 5,000 பவுண்டு தருகிறது, இந்தத் துறைக்கு இன்னுமொரு 1,000. என்.எச்.எஸ். தரும் இந்தப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. 2025-26 கணக்கில் தொடக்கச் சம்பளம் 31,049 பவுண்டு, லண்டனில் கூடுதல் படியும் சேரும்.

எல்லாம் இனிப்பு என்று சொல்ல மாட்டேன். குணமாகாதவர்களையும் தினமும் பார்க்க வேண்டிவரும். பாதியில் மனம் மாறினால் எக்ஸ்ரே பக்கம் சுலபமாகத் தாவவும் முடியாது. அதனால்தான் பெரியப்பாவின் விருப்பம் இதில் கணக்கில் வராது என்கிறேன். உங்களுடையதும்தான்.

பயோமெட் இடத்தை வேண்டாமென்று விட்டால்தான், பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பின் 'எக்ஸ்ட்ரா' என்ற கூடுதல் வாய்ப்பில் இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். இடம் இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்தைக் கேட்காமல் அதை விடாதீர்கள். நேர்காணலில் கதிர்சிகிச்சைப் பிரிவைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்பார்கள். அம்மம்மாவின் அடுத்த கிளினிக் நாளில் மகளும் போகட்டும், ஒரு நாள் கூட நின்று பார்க்கலாமா என்று அவளே கேட்கட்டும். பெரியப்பாவின் எண்ணை எனக்கு அனுப்பிவிடுங்கள், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.