பெயரில்தான் கேன்சர் இருக்கிறது

கேள்வி: என் 6 வயது மகனுக்கு உதட்டின் உள்பக்கம் 4 நாளாகப் புண். இணையத்தில் தேடினேன். 'கேன்க்ரம் ஓரிஸ்' என்று முகம் அழுகிய குழந்தைகளின் படங்கள் வந்தன. கேன்க்ரம் என்றால் கேன்சரா? தங்கைக்கும் தொற்றுமா? வீட்டில் மீதமிருந்த ஆன்டிபயாடிக் சிரப்பை 2 வேளை கொடுத்தேன். அவனுக்கு ஒரு முன்பல்லும் ஆடுகிறது.

பதில்: கேன்சர் இல்லை அம்மா. லத்தீனில் கேன்சர் என்றால் நண்டு. அரித்துக்கொண்டே போகும் புண்ணையும் பழைய வைத்தியர்கள் அந்தப் பெயரிலேயே அழைத்தார்கள். 'ஓரிஸ்' என்றால் வாயின். ஆக, வாயை அரிக்கும் புண், அவ்வளவுதான் பொருள். இதன் இன்னொரு பெயர் நோமா. 'நோமே' என்ற கிரேக்கச் சொல்லுக்கு மேய்ச்சல் என்று அர்த்தம். வரப்போரம் வாய்வைத்த மாடு வயல் முழுக்க மேய்வதைப்போல, ஈறின் ஓரத்தில் தொடங்கி, சில நாட்களில் கன்னத்தையும் தாடை எலும்பையும் தின்றுவிடும் நோய் இது. அந்தப் பெயரை வைத்தவர் நோயாளியின் அருகில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

யாருக்கு வருகிறது? பெரும்பாலும் சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில், சாப்பாடில்லாமல் மெலிந்து, தட்டம்மையோ மலேரியாவோ வந்து துவண்ட 2 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கு. நாஜி வதைமுகாம்களில் பட்டினி கிடந்தவர்களுக்கும் வந்தது. வறுமையின் நோய் என்பதால் உலகம் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் இதைச் சேர்த்ததே 2023 டிசம்பரில்தான். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. தங்கையைத் தள்ளி வைக்க வேண்டாம். 6 வயதில் முன்பல் ஆடுவது பால்பல் விழும் நேரம்.

நீங்கள் பார்க்க வேண்டியது ஈறை. உதட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஈறு கரைந்து, சாம்பல் நிறத்தில் படலம் கட்டி, தொட்டாலே ரத்தம் கசிந்து, பக்கத்தில் போனாலே அழுகல் நாற்றம் அடித்தால், அதுதான் ஆபத்து. அதோடு ஒரு பக்கக் கன்னம் இறுகி வீங்கிப் பளபளத்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. மெலிந்த குழந்தை என்றால், அம்மை இப்போதுதான் இறங்கியது என்றால், இன்னும் அவசரம். தோலில் கருநீலம் தெரிவதற்குள் மருத்துவமனைக்கு வந்துவிட்டால், சாதாரண ஆன்டிபயாடிக், வாய் சுத்தம், நல்ல ஊட்டம் ஆகியவற்றாலேயே நிறுத்திவிடலாம். சிகிச்சையே கிடைக்காவிட்டால் 10 குழந்தைகளில் 9 பேர் வரை இறந்துபோகிறார்கள். பிழைத்தவர்களிலும் பலருக்கு வாயைத் திறக்க முடியாமல் தாடை இறுகிவிடும்.

அப்புறம் அந்த சிரப். யாருக்கோ, எதற்கோ எழுதிக்கொடுத்தது. திறந்து எத்தனை நாள் ஆனதோ! கொட்டிவிடுங்கள். சாதாரண வாய்ப்புண்ணுக்கு அது ஒன்றும் செய்யாது. நிஜமாகவே ஈறு அழுகியிருந்தால் அந்த 2 வேளை மருந்து நோயை நிறுத்தவும் நிறுத்தாது, உங்களை ஒரு நாள் நிம்மதியாகத் தாமதிக்க வைத்துவிடும்.

ஈறு இளஞ்சிவப்பாக, இறுக்கமாக இருக்கிறதா? அவனைப் பள்ளிக்கு அனுப்புங்கள். 2 வாரத்தில் புண் ஆறாவிட்டால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.