கேள்வி நேரம்: வைக்கோல் கட்டும் முடிச்சும்

தை பிறந்து சம்பா அறுப்பு தொடங்கினால், டெல்டாவில் அறுவடை வண்டி கரையேறும் முன்பே வைக்கோல் கட்டும் பேலர் வயலில் இறங்கிவிடுகிறது. பேலரைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறுக்கு இந்த இதழில் பதில்.

சதுரக் கட்டுப் போடும் பேலரின் பின்பக்கம் திறந்தேதான் கிடக்கிறது. அடைப்பே இல்லாமல் வைக்கோல் எப்படி அவ்வளவு இறுகுகிறது?
(வாசகர், மன்னார்குடி)

அடைப்பு இருக்கிறது. இதற்கு முன் கட்டிய கட்டுதான் அந்த அடைப்பு.

அறுவடை வண்டி வயலில் வரிசையாக விட்டுப்போன வைக்கோலைக் கம்பிப் பற்கள் வாரி எடுக்க, அதை, பக்கவாட்டில் ஓடும் தள்ளு முட்கள் அறைக்குள் திணிக்கின்றன. அறைக்குள் பிளஞ்சர் என்னும் அழுத்துக் கட்டை நிமிடத்துக்கு 80 முதல் 100 தடவை முன்னும் பின்னும் போய்வருகிறது. அதன் ஓரத்தில் ஒரு கத்தி, அறையின் வாயில் ஒரு நிலைக்கத்தி. ஒவ்வொரு தள்ளலிலும் வாயில் தொங்கும் வைக்கோலை இரண்டும் சேர்ந்து நறுக்கிவிட, உள்ளே விழுந்தது ஓர் அடுக்காக அழுந்துகிறது. பிளஞ்சர் பின்வாங்கும்போது அந்த அடுக்கு உப்பித் திரும்பி வராமல் அறைச் சுவரில் உள்ள தடுப்புப் பற்கள் பிடித்துக்கொள்கின்றன.

அறையின் வால்பகுதியில் இருக்கும் சட்டங்களை ஸ்பிரிங் போட்ட கைப்பிடித் திருகால் நெருக்கலாம். முந்தைய கட்டு அந்த இடுக்கில் உராய்ந்துகொண்டுதான் வெளியே போக வேண்டும். அந்த உராய்வு எவ்வளவோ அவ்வளவுதான் அடுத்த கட்டின் இறுக்கம். அறை காலியாக இருக்கும்போது போடும் முதல் கட்டு தொளதொளவென்று வருவது இதனால்தான். அதைப் பிரித்து வரிசையில் போட்டு மறுபடி கட்டுங்கள்.

உச்சி வெயிலில் நெல் வைக்கோல் வழுக்கும், உராய்வு குறையும், கட்டு தளரும். பொழுது சாய்ந்து பனி இறங்கினால் அதே திருகில் கட்டு கனத்துவிடும், சில சமயம் கயிறே அறுந்துபோகும். ஆகவே காலையில் வைத்த திருகு மாலைக்கு ஆகாது. இரண்டு பக்கத் திருகையும் ஒரே அளவு சுற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் கட்டு வாழைப்பழம் போல வளைந்து வரும். வளைவுக்கு வேறு காரணங்களும் உண்டு. மெல்லிய வரிசையாக இருந்தால் வைக்கோல் அறையின் அந்தப் பக்கம் வரை போய்ச் சேராது, அப்போது தள்ளு முட்களை நீட்டிவைக்க வேண்டும். கத்தி மழுங்கியிருந்தாலும் வளையும். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம், கத்தியைச் சீக்கிரம் தின்றுவிடும். கட்டின் ஒரு முகம் மழித்ததுபோல் இல்லாமல் வால்வாலாகத் தொங்கினால் கத்தியைத் தீட்டும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

வண்டியின் வேகம் சரியா என்று பார்க்க ஒரு கட்டைப் பிரித்து அடுக்குகளை எண்ணுங்கள். 90 செ.மீ. நீளக் கட்டில் 12 முதல் 20 அடுக்கு வரை இருக்கலாம், 15 இருந்தால் நல்லது. பத்துக்குக் கீழே போனால் டிரைவர் விரட்டுகிறார்.

என் சதுரப் பேலரில் பத்துக் கட்டுக்கு இரண்டு மூன்று அவிழ்ந்துவிடுகிறது. முடிச்சுப் போடும் நாட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?
(வாசகர், திருத்துறைப்பூண்டி)

முதலில் அவிழ்ந்த கயிறுகளை வீசிவிடாமல் எடுத்து வையுங்கள். நாலைந்து சேர்ந்ததும், எது இடது நாட்டரில் வந்தது, எது வலது என்று பிரித்துப் பாருங்கள். ஒரே பக்கம்தான் அவிழ்கிறது என்றால் பழுது அந்த நாட்டரிலோ அதன் ஊசியிலோ இருக்கிறது. அதை, நன்றாக ஓடும் அடுத்த நாட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தே பாதி சரிசெய்துவிடலாம். இரண்டு பக்கமும் மாறி மாறி அவிழ்ந்தால் நாட்டரைத் தொடவே வேண்டாம். கயிற்றின் தரத்தையும் கட்டின் இறுக்கத்தையும் கவனியுங்கள்.

முடிச்சு எப்படி விழுகிறது என்பது தெரிந்தால் கயிற்று நுனியே பழுதைச் சொல்லிவிடும். போன கட்டின்போது அறுபட்ட கயிற்றின் நுனி, மேலே நாட்டரின் பிடித்தட்டில் மாட்டியிருக்கும். கட்டு வளர வளர அந்தக் கயிறு கட்டைச் சுற்றிக்கொண்டே வரும். கட்டின் மேல் உருளும் பல்சக்கரம் குறித்த நீளத்தை அளந்து முடித்ததும் நாட்டரை இயக்கிவிடும். பிளஞ்சர் வைக்கோலை அமுக்கிப் பிடித்திருக்கும் அந்தக் கணத்தில், பிளஞ்சர் முகத்தில் உள்ள பிளவு வழியாக ஊசி கீழிருந்து மேலே வந்து, இரண்டாவது கயிற்றையும் பிடித்தட்டில் வைக்கிறது. இப்போது இரண்டு கயிறும் கிளி மூக்கு போன்ற பில்ஹூக்கின் மேல் ஜோடியாகக் கிடக்கும். பில்ஹூக் ஒரு சுற்றுச் சுற்றும், கயிறு அதன் கழுத்தில் வளையமாக விழும். சுற்றின் முடிவில் அலகு திறந்து இரண்டு கயிற்றையும் கவ்விக்கொள்ளும். கத்தி அவற்றைப் பிடித்தட்டுக்கு இப்பால் அறுக்கும். துடைப்புக் கை வந்து கழுத்தில் இருக்கும் வளையத்தை வழித்துத் தள்ள, அலகு கவ்வியிருக்கும் நுனிகளின் மேல் அது முடிச்சாக இறுகும். இதெல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

இனி கயிற்றைப் பாருங்கள்.

ஒரு நுனியில் மட்டும் முடிச்சு இருந்து, மறுநுனி வெறுமனே இருக்கிறதா? ஒரு கயிறு முடிச்சுக்குள் வந்து சேரவில்லை. வெறும் நுனி கட்டைச் சுற்றி வந்த பழைய கயிற்றினுடையது என்றால், பிடித்தட்டின் ஸ்பிரிங் தளர்ந்து கயிறு உருவிக்கொண்டிருக்கிறது, அல்லது கட்டு அளவுக்கு மீறி இறுகி இழுத்திருக்கிறது. ஊசி கொண்டுவந்த புதுக் கயிறுதான் வெறுமனே இருக்கிறது என்றால், ஊசி ஒதுங்கியிருக்கலாம், கயிற்றை ஒதுக்கித் தரும் இரும்பு விரல் எட்டாமல் இருக்கலாம், தட்டின் பள்ளத்தில் தூசு அடைத்திருக்கலாம்.

இரண்டு நுனியிலும் முடிச்சு இல்லை, ஆனால் வெட்டு சுத்தமாக இருக்கிறதா? பில்ஹூக்கின் அலகு கயிற்றைக் கவ்வவில்லை. அலகை அழுத்தும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது அலகு தேய்ந்திருக்கும்.

முடிச்சு நன்றாக விழுந்து, பில்ஹூக்கிலேயே மாட்டிக்கொண்டு, கயிறு முடிச்சுக்குப் பக்கத்தில் அறுந்திருக்கிறதா? மேலே சொன்னதற்கு நேர் எதிர். அலகின் ஸ்பிரிங் அதிகம் இறுகியிருக்கிறது, அல்லது துடைப்புக் கை பில்ஹூக்கை உரசாமல் போகிறது. மழைக்காலம் முழுக்கச் சும்மா நின்ற வண்டியில் இது சகஜம். பில்ஹூக்கில் படிந்த மெல்லிய துருவே முடிச்சை விடாமல் பிடித்து வைக்கும். நைசான எமரித் தாளால் மினுமினுக்கும் வரை தேய்த்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். இதற்காக நாட்டரை மாற்றியவர்களும் உண்டு.

நுனி துடைப்பம் போலப் பிரிந்து கிடக்கிறதா? கத்தி மழுங்கல், அல்லது பிடித்தட்டு கயிற்றை நசுக்குகிறது. முடிச்சுக்கும் அறுந்த இடத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் நடுவில் அறுந்திருந்தால் மட்டமான கயிறு, அல்லது ஊசிக் கண்ணில் கயிறு அறுத்த தடம்.

எதைத் திருகினாலும் ஒரு தடவைக்கு ஒரு திருகு, அதுவும் கால் சுற்று. ஐந்தாறு கட்டுப் போட்டுப் பார்த்த பிறகு அடுத்தது. பலதையும் ஒரே நேரத்தில் திருகினால் எது பழுது, எது உங்கள் கைவேலை என்று யாருக்கும் தெரியாது. தினமும் காலையில் நாட்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். என் கணக்கில் முடிச்சுப் புகார்களில் பெரும்பகுதி தூசு, துரு, கயிறு இந்த மூன்றோடு முடிந்துவிடும்.

உருளைக் கட்டில் முடிச்சே காணோம். கயிறு சுற்றி மட்டும் இருக்கிறது. அவிழாதா?
(வாசகி, ஒரத்தநாடு)

அவிழாது. நம் ஊரில் அதிகம் ஓடும் சின்ன உருளைப் பேலரில் நாட்டரே கிடையாது. உருளைகளுக்கு நடுவே வைக்கோல் சுருண்டு சுருண்டு அறை நிறைந்ததும் டிரைவர் வண்டியை நிறுத்துகிறார். டிராக்டரிலிருந்து பேலருக்குச் சுழற்சி தரும் பி.டி.ஓ. தண்டு மட்டும் ஓடுகிறது. கயிற்றுக் குழாய் ஓரத்திலிருந்து ஓரம் வரை நகர, சுழலும் கட்டு கயிற்றைத் தானே இழுத்துச் சுற்றிக்கொள்கிறது. தொடக்க நுனி அடுத்த சுற்றுகளுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், கடைசி நுனி வைக்கோலில் உராய்ந்து நிற்கும்.

அவிழ்கிறது என்றால் இரண்டு காரணம்தான் பெரும்பாலும். கயிறு கட்டின் விளிம்புக்கு மிக அருகில் ஓடி நழுவிவிடுகிறது. விளிம்பிலிருந்து நாலு விரல் உள்ளே ஓடும்படி தடுப்பை நகர்த்துங்கள். அல்லது குழாயிலிருந்து தொங்கும் நுனி குட்டையாக இருந்து கட்டு அதைக் கவ்வாமல் விட்டுவிடுகிறது. ஒரு சாண் நீளமாவது தொங்க வேண்டும். கவ்வவில்லை என்று கையால் நுனியை உள்ளே ஊட்டும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வேண்டவே வேண்டாம், பிடியை விடுவதற்குள் உருளை கையை இழுத்துவிடும்.

தூக்கும்போது கயிற்றைப் பிடித்துத் தூக்காதீர்கள். முடிச்சு இல்லாத கட்டுக்கு அதுதான் எமன்.

ஏக்கருக்கு எத்தனை கட்டு வரும்? கட்டு கணக்கில் கூலி பேசுவதால் முன்கூட்டித் தெரிந்தால் நல்லது.
(வாசகர், பாபநாசம்)

அறுவடை வண்டி எவ்வளவு உயரத்தில் அறுத்தது என்பதைப் பொறுத்தது. தாளை முழங்கால் உயரம் விட்டு அறுத்தால் பாதி வைக்கோல் வயலிலேயே நிற்கும். ஊகிப்பதைவிட அளந்துவிடுங்கள். வைக்கோல் காய்ந்த பின் ஒரு வரிசையில் 10 மீட்டர் நீளத்தை வாரி எடை போடுங்கள். அறுவடை வண்டி 2 மீட்டர் அகலம் அறுத்திருந்தால் அந்த வைக்கோல் 20 சதுர மீட்டருக்கு உரியது. ஏக்கர் 4,047 சதுர மீட்டர், ஆக எடையை 200ஆல் பெருக்குங்கள். 4 கிலோ இருந்தால் 800 கிலோ. கட்டு 20 கிலோ என்றால் 40 கட்டு. வரப்போரம், சேற்றில் மிதிபட்டது, பற்களில் தப்பியது என்று பத்தில் ஒரு பங்கு கழித்துக்கொள்ளுங்கள்.

பேசும்போது கட்டின் எடையையும் சேர்த்துப் பேசுங்கள். 60 செ.மீ. விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள உருளை 15 கிலோவிலும் வரும், 25 கிலோவிலும் வரும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அறை முழுக்க நிறைவதற்குள் கயிறு சுற்றிவிட்டால் கட்டு எண்ணிக்கை கூடும், உங்கள் செலவும் கூடும்.

குறுவை வைக்கோலைக் கட்டி அடுக்கினோம். ஒரு வாரத்தில் போர் சூடாகிப் புகை மாதிரி ஆவி வருகிறது. என்ன செய்வது?
(வாசகர், சீர்காழி)

ஈரத்தோடு கட்டியிருக்கிறீர்கள். குறுவை அறுப்பு மழையோடு வருவதால் இது அடிக்கடி நடக்கிறது. ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் கட்டுக்குள் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகிச் சூடு கிளப்பும். தளர்ந்த போரில் அந்தச் சூடு வெளியேறிவிடும், இறுகிய கட்டில் உள்ளேயே தங்கும். முற்றினால் தானே தீப்பிடிக்கும்.

ஓர் இரும்புக் கம்பியைப் போரின் நடுவரை செருகி 20 நிமிடம் கழித்து உருவுங்கள். கம்பியைப் பிடிக்க முடிந்தால் தினமும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பிடிக்கவே முடியாத சூடு என்றால் போரைப் பிரித்தாக வேண்டும். ஆனால் பிரிக்கும்போது உள்ளே காற்றுப் புகுந்து குப்பென்று பற்றும் ஆபத்து உண்டு. தண்ணீர் மோட்டாரைத் தயாராக வைத்துக்கொண்டு, போரின் மேல் ஏறி நிற்காமல் ஓரத்திலிருந்து பிரியுங்கள். பூஞ்சை பிடித்த கட்டை மாட்டுக்குப் போடாதீர்கள்.

அடுத்த முறை கட்டுவதற்கு முன், வரிசையின் அடியில் இருக்கும் தாளை எடுத்துக் கணுவை நகத்தால் கீறிப் பாருங்கள். தாள் காய்ந்தாலும் கணு கடைசியாகத்தான் காயும். நகத்தில் ஈரம் பட்டால் வரிசையைப் புரட்டிப் போட்டு இன்னொரு வெயில் காட்டுங்கள். வயல் ஈரமாக இருந்தால் பற்களையும் தரையிலிருந்து நாலு விரல் உயர்த்திவிடுங்கள். கொஞ்சம் வைக்கோல் போனாலும் சேறு கட்டுக்குள் வராது.

ஷியர் போல்ட் அடிக்கடி உடைகிறது. கடைக்காரர் கெட்டியான போல்ட் தருகிறேன் என்கிறார். போடலாமா?
(வாசகர், பட்டுக்கோட்டை)

கூடாது. அது உடைவதற்காகவே வைத்த போல்ட். அது உடையாவிட்டால் கியர் பெட்டியோ பிளஞ்சரோ ஊசியோ உடையும். கையேட்டில் சொன்ன அளவிலும் கடினத்திலும் பத்துப் போல்ட்டை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். திருப்பத்தில் குவிந்த வைக்கோலை அப்படியே விழுங்க விடுவது, மழுங்கிய கத்தி, கிளட்சைச் சட்டென்று விடுவது, இந்த மூன்றையும் பார்த்தால் உடைவது தானே குறையும். அடைத்த வைக்கோலை எடுக்கவோ போல்ட் மாற்றவோ போகும் முன் எஞ்சினை அணைத்துச் சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அணைத்த பிறகும் பேலரின் கனத்த ஃபிளைவீல் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றும். அது நின்ற பிறகு கையை வையுங்கள்.