பேக்லாஷ் சரியாக இருந்தும் ஊளைச் சத்தம்: பினியன் ஷிம்மைப் பாருங்கள்

வண்டியின் டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டி) ஊளையிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். கோளாறை கிரவுன் வீலில் (பெரிய பற்சக்கரம்) தேடாதீர்கள், அதைச் சுழற்றும் சிறிய பற்சக்கரமான பினியனின் ஷிம்மை (இடைவெளியை அமைக்கும் மெல்லிய உலோக வளையம்) குறையுங்கள். பேக்லாஷ் (இரு பற்சக்கரங்களின் பற்களுக்கு நடுவே உள்ள தளர்வு) 0.20 மி.மீ. வைத்தும் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது ஊளையிடுகிறது, மை தடவினால் பதிவு இரண்டு பக்கமும் பல்லின் அடியில் விழுகிறது என்கிறீர்களே, பினியன் கிரவுனை அதிகமாக நெருங்கிவிட்டதற்கு அதுதான் அடையாளம். பழைய ஷிம்மையே புதுப் பினியனுக்கும் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் இப்போதுள்ளதைவிட 0.05 மி.மீ. மெல்லிய ஷிம் போடுங்கள். பேக்லாஷும் கூடவே மாறும், கிரவுனை நகர்த்தி அதைத் திரும்ப 0.20-க்குக் கொண்டுவந்துவிட்டு, 3, 4 பற்களில் மை தடவி, கிரவுனை மரக்கட்டையால் அழுத்திப் பிடித்தபடி இரு பக்கமும் சுற்றுங்கள். சுமை இல்லாமல் சும்மா சுற்றினால் வரும் பதிவை நம்பாதீர்கள். பதிவு பல்லின் நடு உயரத்துக்கு ஏறும் வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும், பொறுமை வேண்டும்தான். இந்தச் சோதனைக்கு மட்டும் பழைய பேரிங்கின் உள்விட்டத்தைக் கொஞ்சம் தேய்த்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் பிரஸ்ஸுக்கு ஓட வேண்டாம், கையாலேயே கழற்றி மாட்டலாம்.

ஒன்று கவனம்: நான் சொன்னது உள் பேரிங் பக்கம் ஷிம் இருக்கும் அமைப்புக்கு. பினியனைப் பேரிங்குகளோடு தாங்கும் கூடு தனியாகக் கழன்று வந்து, அதற்கும் ஹவுசிங்குக்கும் நடுவே ஷிம் இருந்தால் கணக்கு தலைகீழ், அங்கே தடிமனைக் கூட்ட வேண்டும். அப்புறம், நசுங்கும் ஸ்லீவை (பினியனின் இரு பேரிங்குகளுக்கு நடுவே இருந்து, நட்டை இறுக்கும்போது நசுங்கும் குழாய்) இறுதியாக மாட்டும்போது புதிதாகப் போடுங்கள். நட்டு அதிகமாக இறுகிவிட்டால் பின்னால் தளர்த்திச் சமாளிக்க முடியாது, இன்னொரு ஸ்லீவ்தான்.