அப்பாவைப் பார்த்துக்கொள்வதிலேயே என் காலம் போய்விடுமா?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 36. தங்கச்சிமடம் பக்கம். விசைப்படகில் போய்க்கொண்டிருந்த அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறல். அம்மாவுக்குச் சர்க்கரை, கண் மங்கல். பத்தொன்பது வயதில் கன்னியர் மடத்தில் சேருகிறேன் என்று சொன்னேன், வீட்டு நிலைமை விடவில்லை. அப்புறம் கல்யாணமும் தள்ளிப்போய் நின்றே போனது. என்னோடு மறைக்கல்வி படித்தவள் இன்று வடக்கே ஒரு ஆஸ்பத்திரியில் சிஸ்டர். நான் கஞ்சி காய்ச்சி, மூத்திரப் பை மாற்றி, துணி துவைத்து நாளைக் கழிக்கிறேன். பல ஞாயிறு பூசைக்குக்கூடப் போக முடிவதில்லை. தம்பி கடலுக்குப் போகிறான், பணம் தருகிறான், அதோடு சரி. ஆண்டவர் என்னை எதற்குத்தான் படைத்தார்?
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: தங்கச்சி, துறவறத்துக்கு ஆண்டவர் உன்னைக் கூப்பிட்ட அழைத்தல் பத்தொன்பது வயதில் வந்து கைநழுவிப் போய்விட்டது, இப்போது நடப்பதெல்லாம் வெறும் மிச்சம் என்று நீ நினைக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நீ அப்படி நினைப்பதில் ஆச்சரியமும் இல்லை. நம் பக்கத்தில் புனிதர் என்றாலே ஓரியூர் அருளானந்தர்தான் நினைவுக்கு வருவார். போர்ச்சுகலில் பிறந்து, மறவர் சீமைக்கு வந்து, 1693இல் ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்தவர். அவர் ரத்தம் பட்டுச் சிவந்ததாக நம்பும் அந்த மண்ணை இன்றும் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளையில் 1549இல் கொல்லப்பட்ட அந்தோனியோ கிரிமினாலியும் தூர தேசத்தில் இருந்து வந்தவர்தான். இவர்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு, வீட்டை விட்டுத் தூரமாகப் போனால்தான் ஆண்டவருக்குப் பணி என்று மனதில் பதிந்துவிடுகிறது. வீட்டுக்குள்ளேயே வருடக்கணக்காக ஒருவரைத் தூக்கி உட்காரவைத்துச் சோறு ஊட்டுகிறவளுக்குத் திருவிழாவும் இல்லை, தேரும் இல்லை.

ஆனால் மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தை எடுத்துப் படித்துப்பார். அந்தக் காலத்தில், பெற்றோருக்குக் கொடுக்கவேண்டியதை 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை என்று ஒருவன் சொல்லிவிட்டால் போதும், தாய் தகப்பனை அவன் கவனிக்கவேண்டியதில்லை என்று ஒரு வழக்கத்தை வைத்திருந்தார்கள். பக்தியின் பெயரால் நடந்த அந்தத் தப்பித்தலை இயேசு கடுமையாகக் கண்டித்தார். பெற்றோருக்குச் செய்யவேண்டியதை அவர்களிடமிருந்து பறித்துத் தமக்குக் கொடுப்பதைக் கடவுள் கேட்கவே இல்லை என்பதுதான் அவர் சொன்னது. அதே நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் தொழுகைக்கூடத்தை விட்டு வெளியே வந்ததும் அவர் நேராகப் போனது ஒரு மீனவர் வீட்டுக்கு, சீமோனின் மாமியார் காய்ச்சலில் கிடந்த இடத்துக்கு. சிலுவையில் உயிர் போகிற நேரத்திலும் தாயைச் சீடனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

வடக்கே இருக்கும் உன் தோழி செய்வதையும் நீ செய்வதையும் பக்கத்தில் வைத்துப் பார். அதே கஞ்சி, அதே மூத்திரப் பை, அதே துணி. அங்கே அதற்குச் சேவை என்று பெயர், உன் வீட்டில் வீட்டுவேலை. ஆண்டவர் அப்படிப் பிரித்துப் பார்ப்பார் என்று நான் நம்பவில்லை.

பிரான்சு நாட்டுக் கன்னியர் மடத்துப் புனிதை குழந்தை தெரேசாளை உனக்குத் தெரியும். அவருடைய அக்கா செலினைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. செலினுக்கும் மடத்துக்குப் போகத்தான் ஆசை. தங்கை 1888இல் போய்விட்டாள், அதே வருடம் அப்பா லூயி மார்ட்டினுக்கு மனநிலை பாதித்தது, பிறகு பக்கவாதமும் சேர்ந்துகொண்டது. 1894 ஜூலையில் அவர் சாகும்வரை கவனித்துவிட்டு, அந்தச் செப்டம்பரில்தான் செலின் மடத்தில் சேர்ந்தார். கூடவே எடுத்துப்போன கேமராவில் அவர் எடுத்த படங்களால்தான் தெரேசாளின் முகம் இன்று நம் வீடுகளில் மாட்டியிருக்கிறது. இன்னொன்றையும் கவனி: அந்த அப்பா மூன்று வருடம் மருத்துவமனையில்தான் இருந்தார், தாய்மாமன் குடும்பமும் துணைக்கு நின்றது. செலின் தனி ஆளாக எல்லாவற்றையும் சுமக்கவில்லை, அதனால் அவருடைய அன்பு குறைந்துபோய்விடவும் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். "சிலுவையைச் சும" என்று பெண்களிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. உன் தந்தையையும் தாயையும் மதித்து நட என்ற கட்டளை மகள்களுக்கு மட்டும் எழுதியதா என்ன? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில்தான் நிற்கும். அந்த நாட்களில் அப்பாவைக் குளிப்பாட்டுவது தம்பியின் வேலை என்று சொல்லிவிடு. மற்ற மாதங்களிலும் படகு தினமும் போவதில்லையே. பொதுவாகச் சலித்துக்கொள்ளாதே, "திங்கள் கடலுக்குப் போகிறாய், செவ்வாய் அப்பாவுக்கு நீ" என்று நாளைக் குறித்துக் கேள். மகள் கையால் குளிப்பது அப்பாவுக்கே கூச்சமாக இருக்கும், சொல்லத் தெரியாமல் கிடப்பார், மகன் கை அவருக்கும் ஆறுதல்.

ஞாயிறு பூசைக்காக மனதைப் புண்ணாக்கிக்கொள்ளாதே. நோயோ, விட்டுப்போக முடியாத கைக்குழந்தையோ போன்ற தக்க காரணம் இருந்தால் அந்தக் கடமை இல்லை என்று திருச்சபையின் மறைக்கல்வியே சொல்கிறது. உன் நிலையும் அதுதான். முதல் வெள்ளியில் வீட்டுக்கு நற்கருணை கொண்டுவரச் சாமியாரிடம் கேள். உங்கள் அன்பியத்திலும் (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழு) மரியாயின் சேனை என்ற பக்த சபையிலும் வாரம் ஒரு மணி நேரம் வந்து உட்கார ஆள் கேள், வெட்கப்படாதே. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பாவைப் புரட்டிப் படுக்க வை, படுக்கைப்புண் வந்துவிட்டால் இருவருக்கும் பாடு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியை வீட்டுக்கே வந்து தருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயரைக் கொடு.

எரிச்சல் வருகிறது என்று நீ எழுதவில்லை, ஆனால் கண்டிப்பாக வரும். தகப்பனுக்கு அறிவு மங்கினாலும் பொறுமையாக இரு என்று விவிலியத்தில் சீராக்கின் ஞானம் என்ற நூலின் மூன்றாம் அதிகாரம் சொல்கிறது. அது எவ்வளவு கடினம் என்று தெரிந்ததால்தானே அதைத் தனியாகச் சொல்லவேண்டி வந்தது? எரிச்சல் வந்த அன்று அதையே ஜெபமாகச் சொல்லிவிட்டுப் படு.

கேள்வி: மாமியார் நாலு மாதமாகப் படுக்கையில். நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதலுக்குச் சாமியாரைக் கூப்பிடலாம் என்றால், "அம்மா செத்துப்போவாங்கன்னு முடிவே பண்ணிட்டியா?" என்று வீட்டுக்காரர் கத்துகிறார்.
(ஒரு வாசகி, பாம்பன்)

பதில்: பழைய காலத்தில் அதை 'அவஸ்தைப் பூசுதல்' என்று சாகக்கிடப்பவர்களுக்கே கொடுத்துவந்ததால் வந்த பயம் அது. கடுமையான நோயில் இருப்பவரும், முதுமையில் தளர்ந்தவரும் பெறலாம். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். விவிலியத்தில் யாக்கோபு திருமுகம் ஐந்தாம் அதிகாரத்தில், நோயாளிக்கு எண்ணெய் பூசி மூப்பர்கள் செய்யும் மன்றாட்டு அவரை எழுப்பிவிடும் என்றுதான் இருக்கிறது, வீட்டுக்காரரையே வாசிக்கச் சொல்லுங்கள். அவர் கரையில் இருக்கிற நாளாகப் பார்த்துச் சாமியாரிடம் நேரம் கேளுங்கள், மாமியாருக்குப் பிடித்த நாலு பேரையும் கூப்பிடுங்கள், எல்லோரும் சேர்ந்து ஜெபிக்கலாம்.