குடிக்காத குடும்பம் லண்டனில் விக்டோரியா காலத்துப் பப்புக்குள் போகலாமா?

"அம்மா அப்பாவோடு லண்டன் வருகிறேன், நாங்கள் யாரும் குடிப்பதில்லை, பழைய விக்டோரியா காலத்துப் பப் ஒன்றை உள்ளே போய்ப் பார்க்க ஆசை, அசிங்கமாகிவிடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம். நானும் குடிக்காதவன்தான். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஆபீஸ் ஆட்களோடு பப்புக்குப் போய் லைம் சோடா குடித்துக்கொண்டிருக்கிறேன். "ஏன் குடிக்கலை?" என்று இங்கே ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் ஊரில் இருக்கும் சொந்தபந்தங்கள்தான். "உன் பையன் பப்புக்கெல்லாம் போறானாமே" என்று அம்மாவுக்குப் போன் போட்டு விசாரித்தவர்களின் பட்டியல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் சும்மா போக முடியவில்லை.

குடியை ஆதரித்து எழுதுகிறேன் என்று யாரும் கீழே வந்து சண்டை பிடிக்க வேண்டாம். என் பெரியப்பா குடியால் போனவர். அந்த வீடு பட்ட பாடு எனக்குத் தெரியும். நான் பேசுவது கட்டடத்தைப் பற்றி.

என் தாய்மாமா மதுரையில் மரவேலைப் பட்டறை வைத்திருந்தவர். மகளைப் பார்க்க லண்டன் வந்தவரை பிரிட்டிஷ் மியூசியம் கூட்டிப்போனேன். அவருக்குச் சிலைகள் சீக்கிரம் அலுத்துவிட்டன. "மாமா, பக்கத்துல ஒரு பழைய பப் இருக்கு. மரவேலைக்காகவே பாக்கணும்" என்றேன். "குடிக்கச் சொல்ல மாட்டியே மாப்ள?" என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொண்டுதான் வந்தார்.

போனது ஹை ஹோல்பர்னில் உள்ள பிரின்சஸ் லூயிஸ். விக்டோரியா ராணியின் மகள் பெயர். 1872இல் தொடங்கிய கடை, உள்வேலைப்பாடு 1891இல் செய்தது. நடுவில் பார். அதைச் சுற்றி மரமும் பூவேலை செய்த கண்ணாடியும் வைத்து அடைத்த சின்னச் சின்ன அறைகள். பக்கத்து நடையில் சுவர் முழுக்க டைல்ஸும் கண்ணாடியும். டைல்ஸ் சிம்சன் கம்பெனி செய்தவை, கண்ணாடி மோரிஸ் கம்பெனியுடையது. அன்றைய கேஸ் விளக்கு வெளிச்சத்தை இத்தனை கண்ணாடியும் திருப்பி அடித்தால் அந்த இடம் எப்படி ஜொலித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் மெழுகுவத்தியோடு மல்லாடிய ஆளுக்கு இது அரண்மனைதான்.

மாமா உட்காரவே இல்லை. ஒரு தடுப்பின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். அப்புறம் அடுத்த தடுப்பு. "இது பழசு இல்ல மாப்ள. நல்ல வேலைதான், ஆனா புதுசு. நூறு வருஷம் ஆளுக தோள் உரசியிருந்தா ஓரம் இவ்வளவு கூரா நிக்குமா?" அவர் சொன்னது சரி. பழைய தடுப்புகளை இடையில் எப்போதோ எடுத்துவிட்டார்கள். 2007-08இல் புதுப்பித்தபோதுதான் பழைய மாதிரியிலேயே செய்து திரும்ப வைத்தார்கள். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாத மனுஷர் கட்டைவிரலால் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை, போங்கள்.

"சரி, எதுக்கு இத்தனை தடுப்பு?" என்று கேட்டார். உடல் உழைப்பாளிக்கு ஒரு பகுதி, குமாஸ்தா, கடைக்காரருக்கு ஒரு பகுதி, இன்னும் கௌரவம் பார்ப்பவருக்கு ஒரு பகுதி என்று அந்தக் காலத்தில் பிரித்தார்கள். சொகுசான பக்கத்தில் விலையும் கூடுதல். சில பப்களில் பார் மேடைமேல் கண் மட்டத்துக்குச் சுழலும் சிறு கண்ணாடிப் பலகைகள் இருக்கும். ஸ்னாப் ஸ்கிரீன் (snob screen) என்பார்கள். ஊற்றிக் கொடுப்பவர்கூட கனவான் முகத்தைப் பார்க்கக் கூடாதாம். இதையெல்லாம் சொன்னதும், "நம்ம பக்கம் டீக்கடையில ரெட்டைக் கிளாஸ் வெச்ச கதைதானே?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "இல்ல, இங்க காசு கூடக் குடுத்தா அந்தப் பக்கம் போயிரலாம். நம்மூர்ல அது முடியாதே" என்றார். ரெண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. பின்னூட்டத்தில் வகுப்பெடுக்க வருகிறவர்கள் அவர் சொன்னதை முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள்.

இவ்வளவு ஆடம்பரம் எதற்கு என்றால், எல்லாம் வியாபாரம். 1890களில் லண்டனில் புது லைசென்ஸ் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் இருக்கிற பப்களின் விலை எகிறியது. கடன் வாங்கி வாங்கி, இடித்து இழைத்து, பக்கத்துக் கடையைவிடப் பளபளப்பாகக் கட்டினார்கள். 1899 வாக்கில் அந்தக் குமிழி உடைந்து பல பேர் திவால். கடன்காரர்கள் போய்ச் சேர்ந்தார்கள், கண்ணாடி நிற்கிறது.

கழிப்பறைக்குப் போன மாமா திரும்பி வந்து, "உள்ளே பெரிய பெரிய மார்பிளாப் போட்டு வெச்சிருக்கான், நீயும் போய்ப் பாத்துட்டு வா" என்று என்னை விரட்டினார். அதுவும் அந்தக் காலத்து வேலைதான். உங்கள் அப்பாவை அனுப்புங்கள். அம்மாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நடைமுறைக்கு வருகிறேன். மேஜைக்கு யாரும் வந்து கேட்க மாட்டார்கள். நீங்களே பார் மேடைக்குப் போய் நிற்க வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உண்டு. உங்களுக்கு முன்னால் வந்தவர் யார் என்று பார் ஆளுக்குத் தெரியும். கை தட்டுவது, காசை ஆட்டுவது வேண்டாம். வாங்கும்போதே காசு கொடுத்துவிட வேண்டும். லைம் சிரப் ஊற்றிய சோடா எந்தப் பப்பிலும் கிடைக்கும், விலையும் குறைவு. ஒன்றுமே வாங்காமல் சுற்றிப் பார்த்துவிட்டு வராதீர்கள். அதுதான் அசிங்கம்.

டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை. இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இங்கே ஒரு நம்ம ஊர் ஓட்டலில் நெய் ரோஸ்ட்டும் காபியும் சாப்பிட்டேன். ரெண்டாவது தடவை கேட்ட சாம்பாருக்குத் தனிக் காசு. அதற்கும் சேர்த்து 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். விருப்பப்பட்டால் கொடுக்கலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எடுத்துவிடுங்கள் என்றால் நம் ஆளே நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார். வெள்ளைக்காரர் மேஜையில் மட்டும் தண்ணீர் ஜாடி கேட்காமலே நிரம்புகிறது. சாம்பாருக்குக் காசு வாங்குகிற ஆட்கள் பப்புக்குப் போகிறவனைப் பற்றிப் பேசுகிறார்கள்!

சரி, விட்டதைத் தொடர்கிறேன். பிரின்சஸ் லூயிஸை நடத்துவது யார்க்ஷயர் டாட்காஸ்டரில் 1758 முதல் இருக்கும் சாமுவேல் ஸ்மித் என்ற பீர் கம்பெனி. அவர்கள் கடைகளில் பாட்டு கிடையாது. 2019இல் போனும் லேப்டாப்பும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உள்ளே படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடும் திட்டம் இருந்தால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மாமாவுக்கு இதில்தான் மனத்தாங்கல், "உங்க அத்தைக்கு எதைக் காட்டுறது?" என்று.

ஹோல்பர்ன் ஸ்டேஷனிலிருந்து ரொம்பப் பக்கம். வார நாளில் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்தபின் போங்கள். சாயங்காலம் ஆபீஸ் விட்டபின் நிற்க இடம் இருக்காது, கண்ணாடியும் தெரியாது. இன்னொன்றும் பார்க்க ஆசை இருந்தால் மைடா வேலில் பிரின்ஸ் ஆல்ஃபிரட் இருக்கிறது. ஸ்னாப் ஸ்கிரீனும் அங்கே உண்டு. ஆனால் அறைக்கு அறை இருக்கும் கதவு இடுப்பு உயரம்தான், நன்றாகக் குனிந்துதான் நுழைய வேண்டும். அப்பாவுக்கு முட்டிவலி என்றால் அது வேண்டாம்.