இடது கை தன்னுடையதல்ல என்கிறார் அப்பா

கேள்வி: ஹட்டனுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் வசிக்கிறோம். 63 வயதான என் அப்பாவுக்கு மூன்று வாரங்களுக்கு முன் பாரிசவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு தெளிவாக இருக்கிறது. ஆனால் தனக்கு ஒன்றுமில்லை என்கிறார்; இடது கையைக் காட்டினால் அது வேறு யாருடையதோ என்கிறார். தட்டின் வலப்பக்கத்தில் உள்ள ரொட்டியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, சம்பல் வைக்கவில்லை என்று அம்மாவை ஏசுகிறார். எங்கள் லயத்திலேயே ஒரு பாட்டிக்கு வலப்பக்கம் விழுந்தது. அவருக்குப் பேச்சு வரவில்லை, ஆனால் எல்லாம் விளங்கி அழுகிறார். அப்பா நடிக்கிறாரா? செய்வினை என்றும் சிலர் சொல்கிறார்கள்.

பதில்: உங்கள் தந்தை நடிக்கவுமில்லை, பிடிவாதம் பிடிக்கவுமில்லை. மூளையின் வலப்பாதி உடலின் இடப்பக்கத்தையும், இடப்பாதி வலப்பக்கத்தையும் இயக்குகின்றன என்பது பலரும் அறிந்ததே. ஆனால் அசைவு மட்டுமன்றி, நம்மைச் சுற்றியுள்ள வெளியில் எதைக் கவனிக்க வேண்டும் என்று தீர்மானிப்பதும் மூளையின் வேலைதான், அதில் பெரும்பங்கு வலப்பாதிக்கு உரியது. இடப்பாதி பெரும்பாலும் வலப்புறத்தையே கவனிக்கிறது, வலப்பாதியோ இரு புறங்களையும் கவனிக்கிறது. ஆகவே இடப்பாதி கெட்டால் வலப்பாதி ஓரளவு ஈடுசெய்துவிடும். வலப்பாதியில், குறிப்பாகக் காதுக்கு மேலே சற்றுப் பின்புறமாக உள்ள பகுதியில் குருதியோட்டம் தடைப்பட்டால், இடப்புற உலகைக் கவனிக்க ஆளில்லாமல் போகிறது. கண் பார்த்தாலும் மனம் அங்கே போவதில்லை. சம்பல் தட்டின் இடப்பக்கத்தில் இருந்திருக்கும். அவரைப் பொறுத்தவரை அது வைக்கப்படவே இல்லை.

தன் ஊனத்தையே உணராத நிலைக்கு 1914ஆம் ஆண்டில் பிரெஞ்சு நரம்பியல் வைத்தியர் ஜோசப் பாபின்ஸ்கி ஒரு தனிப்பெயர் சூட்டினார். நோயாளி உண்மையை மறைப்பதில்லை. கை அசையவில்லை என்ற செய்தியைப் பெற்றுச் சரிபார்க்கும் பகுதியே பழுதாகிவிட்டதால், "எனக்கு ஒன்றுமில்லை" என்பது அவருக்கு உண்மையாகவே படுகிறது. எனவே அவரோடு வாதாடி வெல்ல முடியாது.

பக்கத்து வீட்டுப் பாட்டியின் கதை வேறு. வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மொழி மூளையின் இடப்பாதியில் அமைந்திருக்கிறது. பேசும் ஆற்றலோடு தொடர்புடைய முன்பகுதியை 1861இல் பால் புரோக்கா விளக்கினார். அவர் கண்ட நோயாளி எதைக் கேட்டாலும் "டான்" என்ற ஓர் அசையையே சொன்னாராம். இப்பகுதி பழுதானவர்களுக்குச் சொல் வராது, ஆனால் பிறர் சொல்வது பெருமளவு விளங்கும். ஆகையால் அந்தப் பாட்டியின் முன்னால் அவரைப் பற்றி யாரும் அலட்சியமாகப் பேச வேண்டாம். சற்றுப் பின்னே உள்ள பகுதி பழுதானால் இதற்கு நேர்மாறாக, சரளமான ஆனால் பொருளற்ற பேச்சு வரும். அத்தகையோரைப் பைத்தியம் என்று ஒதுக்கிய குடும்பங்களும் உண்டு. சிறுமூளை பாதிக்கப்பட்டவர் தலைசுற்றி, வாந்தியெடுத்து, தள்ளாடுவார். மாலை வேளையென்றால் நம் ஊரில் அவருக்குச் சாராயப் பழிதான் முதலில் விழும். மூளைத்தண்டு பாதிக்கப்பட்டால் விழுங்குவதே கடினமாகிவிடும்.

இனி வீட்டில் செய்ய வேண்டியவை. சாப்பிடும்போது தட்டைப் பாதியில் திருப்பி வையுங்கள். நாளடைவில், தட்டின் இட விளிம்பில் ஒட்டிய சிவப்புத் துணியைக் கண்டுபிடித்த பிறகே உண்ணத் தொடங்குமாறு பழக்குங்கள். முதலில் அவருடைய முகத்துக்கு நேரே நின்று பேச ஆரம்பித்து, மெல்ல மெல்ல இடப்பக்கம் நகர்ந்து, அவரது இடது கையைத் தொட்டபடி பேச்சைத் தொடருங்கள். அந்தக் கையைப் பிடித்து இழுத்து எழுப்ப வேண்டாம், தளர்ந்த தோள்மூட்டு விலகிவிடும். லயத்து அடுப்பு அவரது இடப்புறத்தில் இருக்கவே கூடாது: சூடு பட்டாலும் அவர் உணராமல் போகலாம். வாசற்படியிலும் சரிவான பாதையிலும் தனியாக விடாதீர்கள், ஒன்றுமில்லை என்று நம்புகிறவர் எழுந்து நடக்கத்தான் பார்ப்பார்.

செய்வினை என்பதில் எனக்கு உடன்பாடில்லை. கோவிலில் நூல் கட்டினால் தடுக்கவும் மாட்டேன். இடது மணிக்கட்டில் இறுக்காமல், பளிச்சென்ற சிவப்பில் கட்டுங்கள், அந்தப் பக்கம் கவனத்தைத் திருப்ப அதுவும் உதவக்கூடும். ஆனால் குருதி அமுக்க மாத்திரையையும் கிளினிக் நாளையும் அதற்காக விட்டுவிடக் கூடாது. முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் போன்றவை புதிதாகத் தோன்றினால், தோன்றிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். குருதிக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான் பயன்படும், மலைப்பாதையில் அதில் ஒரு பகுதி வழியிலேயே கழிந்துவிடும்.

குணமாகுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் அதிகமாகத் தெரியும். தன் நிலையை உணராத தன்மை பலருக்குச் சில வாரங்களில் குறைந்துவிடும். இடப்புறக் கவனம் மீள அதைவிட நாளாகலாம், சிலருக்கு முழுமையாக மீளாது. "என் கை வேலை செய்யவில்லையே" என்று அவர் சொல்லும் நாள் முன்னேற்றத்தின் நாள்தான் என்றாலும், துயரமும் அன்றுதான் தொடங்கக்கூடும். பாரிசவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது, அதற்கு மருந்துண்டு. அவர் உணவை மறுத்தாலோ, உறங்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாலோ, அடுத்த கிளினிக் வரை காத்திராமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.